அப்பாவுக்கு ஸ்ட்ரோக், வீட்ல ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லிட்டு இருக்கோம்

வணக்கம் மேடம். நான் ஈரோட்டுல இருக்கேன், பொறந்த வீடு குமாரபாளையம். அப்பாவுக்கு 61 வயசு, தறி ஓட்டறவரு. போன மாசம் ஒரு நாள் ராத்திரி நல்லா சாப்ட்டு டிவி பாத்துட்டு தான் படுத்தாரு, விடிகாலைல அம்மா எழுப்பறாங்க, வாய் ஒரு பக்கம் கோணிருக்கு, வலது கை தூக்க வரல, பேச்சு வரல. 108க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரி போயிட்டோம். ஸ்கேன் எடுத்துட்டு டாக்டர் இது எப்ப ஆரம்பிச்சதுனு கேட்டாரு, யாருக்குங்க தெரியும், அதனால ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி போட முடியாதுனுட்டாரு.

அன்னைல இருந்து வீட்ல ஒரே சண்டை. சித்தப்பா எல்லார் முன்னாடியும் "பக்கத்துல படுத்திருந்தவங்களுக்கு எப்படி தெரியாம போகும்"னு அம்மாவ கேட்டுட்டாரு. அம்மா அதுக்கப்புறம் சரியா சாப்பிடறதில்ல, பேசறதுமில்ல. தம்பி துபாய்ல இருந்து வீடியோ கால்ல வந்து கோயமுத்தூருக்கு மாத்து, வேற டாக்டர பாருனு தினமும் ஒண்ணு சொல்றான். குடும்ப வாட்ஸப் குரூப்ல விரல் நுனில ஊசி குத்தி ரத்தம் எடுத்திருந்தா அப்பவே சரியாயிருக்கும்னு ஒரு ஃபார்வர்ட் வேற, அத பாத்தும் அம்மா அழறாங்க. இப்ப வார்டுக்கு மாத்தியாச்சு, பாக்க வர்றவங்க எல்லாம் அப்பா காதுகிட்ட போய் "என்ன யாருனு தெரியுதா"னு கத்தறாங்க, அவரு பொலபொலனு அழறாரு. என் பையனுக்கு 7 வயசு, அப்பிச்சி ஊருக்கு போயிருக்காருனு சொல்லி வச்சிருக்கேன். நான் மட்டும் இன்னும் அழவே இல்ல மேடம். பில்லு, மாத்திரை, கையெழுத்துனு ஓடிட்டே இருக்கேன், எனக்கு பாசமே இல்லயோனு பயமா இருக்கு.

பதில்:

வணக்கம்மா. முதல்ல அம்மா விஷயத்த எடுத்துக்கலாம், உங்க வீட்ல இப்ப அதிகமா அடி வாங்கி இருக்கறது அவங்கதான். தூக்கத்துல ஸ்ட்ரோக் வர்றது அபூர்வமில்லங்க. பெரும்பாலும் வலி இருக்காது, சத்தம் இருக்காது, பக்கத்துல படுத்தவங்க என்ன, நர்ஸே படுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அந்த ஊசி பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அந்த கணக்கு அவர கடைசியா நல்லா இருந்தப்ப பாத்த நேரத்துல இருந்து ஆரம்பிக்கும், அதாவது ராத்திரி படுக்க போன நேரம். விரல்ல ஊசி குத்தற ஃபார்வர்ட் வருஷக்கணக்கா சுத்திட்டு இருக்கற பொய். இத நீங்க சொன்னா எடுபடாது. அடுத்த தடவ டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப அம்மாவயும் சித்தப்பாவயும் பக்கத்துல நிறுத்திட்டு, "தூக்கத்துல வந்தத இவங்க கண்டுபுடிச்சிருக்க முடியுமா சார்"னு நீங்களே கேளுங்க. அவர் வாயால வரட்டும். சித்தப்பா கெட்டவர் இல்ல, அண்ணன் இப்படி கெடக்கறத பாக்க அவருக்கு பயம், யாரயாவது கை காட்டிட்டா அந்த பயம் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்ளோதான். அதுக்காக அம்மா மேல போடறத சும்மா விடவும் கூடாது.

அம்மாவ ஓரமா உக்கார வச்சு ரெஸ்ட் எடுங்கனு சொல்லாதீங்க. சும்மா உக்காந்தா அந்த கேள்வியே ஓடிட்டு இருக்கும். பிசியோ வர்றப்ப அம்மா கூட நின்னு கத்துக்கட்டும், வலது கைய எப்படி வைக்கறது, எப்படி திருப்பி படுக்க வைக்கறதுனு. மூளை சுதாரிச்சு வர்றது முதல் மூணு மாசத்துல தான் அதிகம், இந்த பயிற்சிக்கெல்லாம் வீட்லயும் ஒரு ஆள் வேணும், அவங்கள விட அக்கறையான ஆள் யாரு?

அப்பா அழறாருனு எழுதியிருக்கீங்க. இடது பக்க மூளைல அடி பட்டா வலது கை காலோட பேச்சும் போகலாம், ஆனா நீங்க பேசறதுல நிறைய அவருக்கு புரிஞ்சிட்டு இருக்கலாம், காது நல்லாத்தான் இருக்கும். அவர் பக்கத்துல நின்னு "இனி எந்திரிக்க மாட்டாரு போல"னு பேசறது அவருக்கு கேக்குதும்மா! கத்த வேண்டாம், ஒரு நேரத்துல ஒருத்தர் பேசுங்க, "தண்ணி வேணுமாப்பா"னு தலையாட்டி பதில் சொல்ற மாதிரி கேளுங்க. பேச்சு போனவங்க சிலர் பழைய பாட்டு வரிய பாடிடுவாங்க, முயற்சி பண்ணி பாருங்க. அப்புறம் சொந்தக்காரங்க ஆசையா காபி ஊட்ட வந்தா தடுத்துடுங்க, முழுங்கறத டாக்டர் செக் பண்ணி சரினு சொல்ற வரைக்கும் வாய் வழியா எதுவும் வேண்டாம், படுத்த வாக்குல ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும். இத சொன்னா மூஞ்ச தூக்கி வச்சுக்குவாங்க, பரவால்ல.

தம்பி தூரத்துல இருக்கான், கை ஓடாம தான் உத்தரவு போட்டுட்டு இருக்கான். அவனுக்கும் வேல குடுங்க. ரிப்போர்ட்ட எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்க, இன்னொரு டாக்டர் கிட்ட காட்டி கேக்கறது, குரூப்ல தினம் சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ் போட்டு எல்லாருக்கும் பதில் சொல்றது ரெண்டும் அவன் பொறுப்பு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரில அதுக்குனு கவுன்டர் இருக்கானு சித்தப்பாவ விட்டு விசாரிக்க சொல்லுங்க, அவருக்கும் ஒரு அலைச்சல் இருக்கட்டும்.

பையன் கிட்ட உண்மைய சொல்லிடுங்க. அப்பிச்சிக்கு தலைக்குள்ள ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிச்சு, பேச கஷ்டப்படறாரு, டாக்டர் பாத்துட்டு இருக்காங்கனா போதும். அவன் எப்படியும் பாதி கேட்டுட்டு தான் இருப்பான்.

நீங்க அழலங்கறது பாசம் இல்லாம இல்லமா, ஓடற உடம்புக்கு அழ நேரம் கிடைக்கல. அது எப்ப வேணா வரும், வீட்ல பாத்திரம் கழுவறப்ப கூட வரலாம், வரட்டும். ராத்திரி ஆஸ்பத்திரில தங்கறத சித்தப்பா பையனோ வேற யாரோ மாத்தி மாத்தி பாத்துக்கணும், வாரத்துல பாதி நாளாவது நீங்க வீட்ல தூங்கணும். அம்மா இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேலயும் இப்படியே சாப்பிடாம, பேசாம இருந்தா, இல்ல வாழ்ந்து என்ன ஆகப்போகுதுனு ஒரு வார்த்தை சொன்னாலும் உடனே, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அப்பாவயும் கவனிங்க, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு பின்னாடி டிப்ரஷன் வர்றது சகஜம், அதுக்கு மருந்து இருக்கு, அடுத்த செக்கப்ல நீங்களே டாக்டர்ட்ட கேட்டுடுங்க.