அண்ணாவின் படம் எங்கே?

கேள்வி: நான் முள்ளியவளையைச் சேர்ந்தவன். வயது 39, அரச உத்தியோகம். பிறப்பால் சைவம். மனைவி மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். எட்டு வயதில் ஒரு மகள். அம்மாவும் எங்களோடு இருக்கிறார். சில வருடங்களாகத் திருமூலரையும் தாயுமானவரையும் படிப்பதோடு, ஜெர்மனியில் வாழ்ந்த எக்கார்ட் என்ற கிறிஸ்தவ ஞானியையும் படித்து வருகிறேன். நம்மவர்கள் ‘சும்மா இரு’ என்று சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடம் மௌனம், அடியில் இரண்டும் ஒன்றே என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. இதை வீட்டிலிருந்தே தொடங்க நினைத்து, சாமியறையைத் தியான அறையாக மாற்றினேன். சாமிப் படங்களை அம்மாவின் அறையிலும் மாதா சுரூபத்தை அலுமாரிக்கு மேலும் வைத்தேன். 2009-இல் காணாமல்போன அண்ணாவின் படமும் அங்கேதான் இருந்தது. ஓரம் கறுத்த பழைய படம், வெள்ளைச் சுவருக்கு ஒத்துவரவில்லை, ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். (செவ்வாய்க்கிழமைகளில் மனைவி அதன் முன்னால்தான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள், அம்மாவும் பக்கத்தில் நிற்பார்.) இப்போது அறையில் ஒரு பாய் மட்டுமே. சனிக்கிழமை மாலையில் இருபது நிமிடம் சேர்ந்து மௌனமாக இருப்போம் என்றால் இருவரும் வருவதில்லை. அம்மா எதுவும் சொல்வதுமில்லை. மகள் மட்டும், “சாமியறையில இப்ப ஒருத்தரும் இல்லையே அப்பா” என்றாள். குழந்தைக்கே அந்த வெறுமை விளங்குகிறது. பெரியவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் கருதி இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். மூன்றரைப் பக்கம் ஞானிகளுக்குப் போயிருக்கிறது. அண்ணாவுக்குக் கிடைத்தது மூன்று வரி, அதிலும் ஒன்று அடைப்புக்குறிக்குள். நான் அந்த மூன்று வரியை விட்டு நகரவில்லை. மௌனத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் பிறகு.

படத்தின் ஓரம் ஏன் கறுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் சேர்த்து மடியில் கட்டி, இடம்விட்டு இடம் தூக்கிக்கொண்டு போன படங்களுக்கு அந்த ஓரம் இருக்கும். வேர்வையும் உப்புத்தண்ணீரும் ஊறின ஓரம். வன்னியில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வீடு போயிருக்கும், மாடு போயிருக்கும், தாலிக்கொடிகூடப் போயிருக்கும். படம் மட்டும் வந்திருக்கும். உங்கள் அம்மா அவ்வளவு தூரம் கைவிடாமல் கொண்டுவந்த ஒன்று, உங்கள் சுவரின் நிறத்துக்கு ஒத்துவரவில்லை. வெட்கமாக இல்லையா?

இன்னொன்று கேட்கிறேன். அந்தப் படத்துக்கு மாலை போட்டிருந்ததா? போட்டிருக்க மாட்டார். இறந்தவர் படத்துக்குத்தான் மாலை. மாலை போட்டால் முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மாலை இல்லாமல் விறாந்தையில் மாட்டினால், வருகிறவர்கள் எல்லாம் “மூத்தவர் எங்கே இருக்கிறார், கனடாவிலா?” என்று கேட்பார்கள். அதற்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல எந்தத் தாய்க்குத் தெம்பிருக்கிறது? அதனால்தான் அவர் அந்தப் படத்தைச் சாமிகளுக்கு நடுவே வைத்தார். உங்கள் வீட்டில் அண்ணாவுக்கென்று இருந்த ஒரே இடம் அது. நீங்கள் அதை வெள்ளையடித்துவிட்டீர்கள்.

சைவத்தில் இறந்தவருக்கு எல்லாம் உண்டு. எட்டுச் செலவு, அந்தியேட்டி, வருடந்தோறும் திவசம். தகப்பன் போனால் ஆடி அமாவாசை, தாய் போனால் சித்திரா பௌர்ணமி. கத்தோலிக்கருக்கு இரங்கற் பூசை உண்டு, நவம்பர் 2-ஆம் திகதி கல்லறையில் மெழுகுதிரி உண்டு. உயிரோடு இருப்பவருக்கு அர்ச்சனையும் நேர்த்தியும் இரண்டு பக்கமும் உண்டு. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு? நெடுங்காலம் திரும்பாதவருக்குத் தர்ப்பையால் உருச் செய்து தகனம் செய்யும் வழி நூல்களில் இருக்கிறது, மறுக்கவில்லை. எந்தத் தாயிடம் போய் அதைச் சொல்வீர்கள்? புல்லுக்குக் கொள்ளி வை, உன் பிள்ளை முடிந்தான் என்றா?

உங்கள் அம்மாவும் மனைவியும் ஐயரையும் கேட்காமல் சுவாமியாரையும் கேட்காமல் தாங்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். செவ்வாய்க்கிழமை, ஒரு மெழுகுதிரி, ஒரு படம், இரண்டு பெண்கள். அந்தோனியார் யார் என்று தெரியும்தானே? லிஸ்பனில் பிறந்து 1231-இல் பதுவா நகருக்கு அருகே இறந்த துறவி. தொலைந்த பொருளைத் தேடித் தருவார் என்று ஐரோப்பாவில் அவரை நம்பினார்கள். திறப்பு, மோதிரம், புத்தகம், இப்படி. வன்னியில் அவரிடம் ஆட்களைக் கேட்கிறார்கள். திருநீறு பூசிய ஒரு கிழவி அவர் முன்னால் நின்று, வற்றாப்பளை அம்மனிடம் கேட்ட அதே பிள்ளையைக் கேட்கிறார். நீங்கள் புத்தகம் புத்தகமாகத் தேடுகிற சந்திப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே வாராவாரம் நடந்துகொண்டிருந்தது. அதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

மனைவியைப் பற்றியும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். மகளுக்கு எட்டு வயது. அப்படியானால் உங்கள் கலியாணம் 2009-க்கு எத்தனையோ வருடம் பின்னால். அந்தப் பெண் உங்கள் அண்ணாவைக் கண்டிருக்கவே வாய்ப்பில்லை. கண்டிராத ஒருவருக்காக, வேறு சமயத்து மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். அவளுடைய மாதா இப்போது அலுமாரிக்கு மேலே. அங்கே வேறென்ன இருக்கிறது? சூட்கேஸும் பழைய மின்விசிறியும்தானே? மடு மாதாவின் சுரூபமே 1670-இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்தது, சனங்கள் ஒல்லாந்தருக்குப் பயந்து தூக்கிவந்தது. 2008 ஏப்ரலில் மறுபடியும் மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போகவேண்டி வந்தது. வன்னியில் மாதாவே இடம்பெயர்ந்தவர். உங்கள் வீட்டுக்குள்ளும் அவரை இடம்பெயர்த்திருக்கிறீர்கள்.

சரி, இனி உங்கள் ஞானிகளிடம் வருகிறேன். நீங்கள் அவர்களைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

எக்கார்ட் குகையில் இருந்தவர் இல்லை. டொமினிக்கன் சபையில் பொறுப்புகள் சுமந்தவர், ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். அவர் சொன்ன ஒன்றை உங்கள் நாலு பக்கத்திலும் காணவில்லை: அப்போஸ்தலர் பவுல் அடைந்தது போன்ற பரவசத்தில் ஒருவன் இருக்கிறான், அந்நேரம் ஒரு நோயாளிக்கு ஒரு வாய் சூப் தேவைப்படுகிறது என்று தெரிகிறது. பரவசத்தை விட்டு எழுந்து சூப்பைக் கொடுப்பதே மேல் என்கிறார். மார்த்தாள், மரியாள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரியாள் யேசுவின் காலடியில் உட்கார்ந்திருக்க, மார்த்தாள் அடுக்களையில் ஓடியாடுகிறாள். காலங்காலமாக மரியாளே உயர்ந்தவள் என்று பிரசங்கம் வைத்தார்கள். எக்கார்ட் தலைகீழாகச் சொன்னார். மார்த்தாள்தான் முதிர்ந்தவள், மரியாள் இன்னும் பழக வேண்டியவள் என்றார். உங்கள் வீட்டில் யார் மார்த்தாள், யார் பாயில் உட்கார்ந்திருப்பவர் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

திருமூலரின் ‘உள்ளம் பெருங்கோயில்’ பாட்டை எழுதி, அதனால் வெளியே படம் தேவையில்லை என்கிறீர்கள். அதே திருமூலர் சொன்னதுதான் இதுவும்:

படமாடக் கோயில் பகவற்கொன்று ஈயின்
நடமாடக் கோயில் நம்பர்க்கங் காகா
நடமாடக் கோயில் நம்பர்க்கொன்று ஈயில்
படமாடக் கோயில் பகவற்க தாமே.

கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலான மனிதருக்குப் போய்ச் சேராது, மனிதருக்குக் கொடுத்தால் அது கடவுளுக்குப் போய்ச் சேரும். உங்கள் வீட்டு நடமாடும் கோயிலுக்கு எழுபது வயதிருக்கும், முழங்கால் வலியும் இருக்கும். அந்தக் கோயிலிடமிருந்து ஒரு படத்தைப் பறித்துவிட்டு எந்தக் கோயிலுக்கு எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?

‘அடியில் இரண்டும் ஒன்றே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒத்துவராது. சைவனுக்கு உயிர் படைக்கப்பட்டதே இல்லை, பதியாகிய இறைவனைப் போலவே அநாதி. கிறிஸ்தவருக்கு உயிர் கடவுள் உண்டாக்கியது. சைவனுக்குப் பிறவி பல, அவர்களுக்கு வாழ்வு ஒன்றுதான், முடிவில் உயிர்த்தெழுதல். உங்கள் அம்மா, நடக்கக்கூடாதது நடந்திருந்தால் தன் பிள்ளை எங்கோ இன்னொரு தாயின் மடியில் பிறந்திருப்பான் என்று நினைக்கலாம். உங்கள் மனைவி, கடைசி நாளில் அவரைக் காண்போம் என்று நினைக்கலாம். இரண்டையும் கூட்டிக் குழைத்து ஒன்றாக்க முடியாது, ஆக்கவும் தேவையில்லை. அவர்கள் ஆக்கவில்லையே. ஒருத்தி அந்தோனியாரைக் கும்பிட, மற்றவர் பஞ்சாட்சரம் சொல்லியிருப்பார். மெழுகுதிரி ஒன்றாக இருந்தது, அவ்வளவே.

எங்கள் சனத்துக்கு இது புதிதும் இல்லை. மன்னாரில் அந்தக் காலத்து ஆட்கள் திருப்பலியைப் ‘பூசை’ என்றுதான் சொல்வார்கள். உங்கள் அம்மாவும் பூசைக்குப் போகிறார், மனைவியும் பூசைக்குப் போகிறாள். கொடியேற்றம், விரதம், நேர்த்திக்கடன் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனம் நிற்கும்போது பாருங்கள், கண்ணாடியில் செபமாலை தொங்கும் வானிலிருந்தும் ஒருவர் இறங்கித் தேங்காய் உடைப்பார். அவரிடம் போய்க் கிழக்கும் மேற்கும் எப்படிச் சந்திக்கின்றன என்று கேட்டால், கச்சான் சுருளை நீட்டுவார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20-இல் கந்தசுவாமி கோயிலடியில் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் உட்கார்ந்தார்களே, அவர்கள் கையில் இருந்ததும் உங்கள் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடப்பது போன்ற படங்கள்தான். யார் திருநீறு, யார் சிலுவை என்று அங்கே யாரும் பிரித்து உட்கார்த்தவில்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பொய்யாக எழுதியதாகிவிடும். உங்கள் வயதைப் பார்க்கிறேன். 2009-இல் உங்களுக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. அண்ணா எங்கே, எப்படிக் காணாமல்போனார் என்று நாலு பக்கத்தில் ஒரு சொல் இல்லை. நீங்கள் அங்கே இருந்தீர்களா என்பதும் இல்லை. சுவரை வெள்ளையாக்கி, படத்தைப் பெட்டிக்குள் பூட்டி, அதன் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது எனக்கு மௌனமாகத் தெரியவில்லை, ஒளிப்பாகத் தெரிகிறது. நான் நினைப்பது தவறாக இருக்கலாம். இருந்தாலும் அம்மா “ஒன்றும் சொல்வதில்லை” என்று நீங்கள் குறைப்படுவதைப் பார்த்தால், அந்த வீட்டில் அண்ணாவைப் பற்றி முதலில் பேச்சை நிறுத்தியது அம்மா இல்லை என்றே படுகிறது. மூத்தவன் இல்லாத வீட்டில் இளையவன்தான் மூத்தவன். தாயின் துக்கத்தைக் கேட்பது அவன் கடமை, அவனுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

மகள் சொன்னதை வேதாந்தமாக்காதீர்கள். “ஒருத்தரும் இல்லையே” என்றால் ஒருத்தரும் இல்லை என்று அர்த்தம். பிள்ளை ஆட்களை எண்ணியிருக்கிறாள். பிள்ளையார் இல்லை, மாதா இல்லை, பெரியப்பா இல்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வெள்ளியோ சனியோ ஆகியிருக்கும். செவ்வாய்க்கு முன் ட்ரங்குப் பெட்டியைத் திறவுங்கள். கறுத்த ஓரத்தைத் துடைக்கவோ வெட்டவோ வேண்டாம், புதிய சட்டமும் போடவேண்டாம். மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், தப்பித்தவறியும். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம், எங்கே அடிக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் அழுதால் நில்லுங்கள், அறைக்குள் போய்விடாதீர்கள். மாதாவை இறக்கித் தூசி தட்டி மனைவி கையில் கொடுங்கள். செவ்வாய் மாலை அவள் மெழுகுதிரி கொளுத்தும்போது நீங்களும் மகளும் போய்ப் பின்னால் நில்லுங்கள். பெரியப்பா யார் என்று மகள் கேட்டால் சொல்லுங்கள், பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

தியானத்தை விடச் சொல்லவில்லை. பாய் இருக்கிறதுதானே, விறாந்தையில் போடுங்கள். காற்றும் வரும்.