காணியை ஈடு வைக்கும் முன், மகன் கட்டிய மின்வழங்கியைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து மகனுடன் என்னைச் சந்திக்க வந்த தாயாருக்கு,

மகன் கணிதப் பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பொறியியல் பீடத்துக்குப் போதாமற் போனதில் உங்களுக்கு உள்ள கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால், காணியை ஈடு வைத்தாவது கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் மென்பொருள் பட்டத்துக்குச் சேர்த்துவிடுங்கள் என்று உங்கள் அண்ணர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தக் கடனின் தவணையைக் கட்டப்போவது அவர் அல்லர். பிள்ளையும் அந்தப் படிப்பைக் கேட்கவில்லை.

மகன் என்னிடம் கேட்டது வேறு. தான் கட்டிய மின்வழங்கியில், அதாவது கருவிக்கு வேண்டிய அளவில் மின்னைத் தரும் சுற்றில், 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக்கும் 7805 சில்லு ஏன் தொட முடியாதபடி சுடுகிறது என்று கேட்டார். ஓர் அம்பியர் மின்னோட்டம் செல்லும்போது மீதி 7 வோல்ற்றும் 7 வாற்று வெப்பமாகவே வீணாகின்றன என்பதைத் தானே கணக்கிட்டும் வைத்திருந்தார். மின்வழங்கி வடிவமைப்பு என்ற துறை இந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்கிறது. மின்னை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் சுவிச்சிங் முறையில் அவ்விழப்பு வெகுவாகக் குறைகிறது. வீட்டு மின்னின் 50 ஹேட்சுக்குப் பதிலாகப் பல்லாயிரம் ஹேட்சில் இயங்குவதால், வோல்ற்றளவை மாற்றும் கையளவு பாரமான நிலைமாற்றியின் வேலையைப் பெரைற்று என்ற காந்தப் பொருளாலான அகணி கொண்ட சிறிய நிலைமாற்றி செய்துவிடுகிறது. கைப்பேசிச் சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்குவதும் இதனாலேயே. சூரியக்கல இன்வேட்டர், யூபிஎஸ், எல்ஈடி விளக்கு, வைத்தியசாலைக் கருவி என எதைத் திறந்தாலும் உள்ளே இப்படியொரு சுற்று இருக்கும். வெப்பத்தில் முதலில் தளர்வது பெரும்பாலும் அதிலுள்ள, மின்னேற்றத்தைச் சேமிக்கும் மின்பகுபொருட் கொள்ளளவியே. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். கல்லடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று சுற்றுப்பலகையின் செப்பையும் அரிக்கும். எனவே, பலகைக்குப் பாதுகாப்புப் பூச்சு இடவும், வெப்பம் வெளியேற வழி வைத்துச் சுற்றை வரையவும் தெரிந்தவர் இந்தக் கரையோரத்துக்குத் தேவை.

இதற்கான வழி என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை. இலத்திரனியல் துறையில் நான்காம் மட்டச் சான்றிதழில் தொடங்கி, ஐந்து, ஆறாம் மட்டங்களில் டிப்ளோமா பெற்று, ஏழாம் மட்டமான பட்டத்துக்கு இரத்மலானை யூனிவோடெக் பல்கலைக்கழகம் வரை செல்லலாம். "டெக்னிக்கல் கொலிஜ் பிள்ளை" என்று உறவினர் முகஞ்சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஒவ்வொரு மட்டத்திலும் கையில் ஒரு தகைமை இருக்கும். பாதியில் நிற்க நேர்ந்தாலும் கடன் மட்டும் மிஞ்சிய நிலை வராது.

ஒரு விடயத்தில் மகனை நீங்கள் கண்டிக்கவே வேண்டும். 230 வோல்ற்று வீட்டு மின்னைச் சீராக்கினால், அதாவது ஒரே திசையில் பாயும் மின்னாக மாற்றினால், உள்ளிருக்கும் கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உயிரைப் பறிக்கக்கூடும். பயிற்றப்பட்டவர் அருகில் இல்லாமல் அவர் சுவிச்சிங் சுற்று எதையும் வீட்டில் திறக்கக் கூடாது. அதுவரை மின்கலத்தில் இயங்கும் குறைந்த வோல்ற்றளவுச் சுற்றுகளைக் கட்டிப் பழகட்டும்.

அடுத்த கிழமை மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு இருவரும் நேரில் செல்லுங்கள். இவ்வருடம் நடைபெறும் இலத்திரனியல் பாடநெறி எந்த மட்டத்துக்குரியது, மொத்தச் செலவு எவ்வளவு, தொழிற்பயிற்சி எங்கே வழங்கப்படும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் மின் அலைகளைத் திரையில் காட்டும் அலைவுகாட்டியும், பாதுகாப்புக்காகச் சுற்றை வீட்டு மின்னிலிருந்து பிரித்து வைக்கும் தனிமைப்படுத்தும் நிலைமாற்றியும் உள்ளனவா என்பதை மகனே கேட்கட்டும்.