கண்ணீர் கொட்டுகிறதே, இது எப்படி உலர் கண்?

கேள்வி: எனக்கு 47 வயது. டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். அலுவலகத்தில் கணக்கு வேலை. குளிர்காலம் தொடங்கினாலே கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். மாலையில் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணீராக வழிகிறது. டாக்டர் ‘உலர் கண்’ என்கிறார், எனக்குப் புரியவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய, சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தும் பன்னீரும் விட்டு வருகிறேன். தும்மலுக்குத் தினமும் செட்டிரிசின் போடுகிறேன்.

பதில்: டாக்டர் சொன்னது சரிதான் சகோதரி. விழியின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் உண்டு. அடியில் வழுவழுப்பான சளி, நடுவில் நீர், மேலே எண்ணெய். எண்ணெய் குறைந்தால் நீர் சில நொடிகளில் ஆவியாகிவிடும். விழி காய்ந்து எரிந்ததும் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டும். அது கன்னத்தில் வழிந்து போகுமே தவிர, விழியில் நிற்காது.

அந்த எண்ணெயைத் தருபவை இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள். டெல்லிக் குளிரில் நெய் உறைவதுபோல இந்த எண்ணெயும் கெட்டிப்பட்டு, சுரப்பியின் வாயை அடைத்துவிடுகிறது. கண்ணை முழுதாக இமைத்தால்தான் எண்ணெய் பிதுங்கி வெளிவரும். நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைப்பவர்கள், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை; அதிலும் பல அரைகுறை இமைப்புகள்.

ஆகவே முதல் சிகிச்சை ஒத்தடம். காலையும் இரவும் 10 நிமிடம். இரண்டு சிறு துண்டுகளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே துண்டு என்றால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். பலருக்குப் பலன் கிடைக்காததற்கு இதுதான் காரணம். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, இதமான சூடு இருந்தால் போதும். ஒத்தடம் எடுத்த உடனே, சுத்தமான விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மென்மையாக நீவுங்கள். விழியை அழுத்தக் கூடாது. மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சிவப்பைப் போக்கும் மருந்தை இன்றே நிறுத்துங்கள். நாஃபசோலின் போன்ற இம்மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. வீரியம் தீர்ந்ததும் கண் முன்னைவிடச் சிவக்கும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு பெயர் இருந்தால் மருந்தை டாக்டரிடம் உடனே காட்டுங்கள். அது மாதக்கணக்கில் போனால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம். பன்னீர் கண்ணுக்கென்று கிருமி நீக்கப்பட்டதல்ல, வேண்டாம். செட்டிரிசினும் கண்ணீரைக் குறைக்கும். தும்மலுக்கு மூக்கு ஸ்ப்ரே போன்ற மாற்று உண்டா என்று கேளுங்கள்.

இவற்றுக்குப் பதில் 0.5% கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, நாளுக்கு நான்கு முறை. ஒரு தடவைக்கு ஒரே சொட்டு. அதற்குமேல் கண்ணில் தங்காது. நான்குக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தி (மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது) சேர்க்காத வகையாக வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தியே விழிப்பரப்பை அரிக்கும். ஹீட்டரின் சூட்டுக்காற்று முகத்தில் படக் கூடாது. கம்ப்யூட்டர் திரையைக் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால் இமை அதிகம் திறக்காது, ஆவியாவதும் குறையும்.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வாயும் வறண்டு, மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய்க்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் மாற்றமும் கண்ணை உலர்த்தும்.

ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் ஷிர்மர் சோதனை செய்வார்கள்: கீழ் இமைக்குள் காகிதப் பட்டை வைத்து, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது. அதன்பின் அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதிக் கொடுத்தால், ஆரம்பத்தில் எரியும். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். எரிகிறதே என்று இரண்டாம் வாரத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.