வெகுசனப் பண்பாடு கடந்த இருபது ஆண்டுகளாக மாறாமல் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை, மாற்றம் கண்ணில் படுவதுதான் குறைந்திருக்கிறது. வெகுசனப் பண்பாடு என்பது பெருவாரியான ஜனங்கள் ரசிக்கும் பாட்டு, சினிமா, உடை எல்லாம் சேர்ந்தது.

1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ பாட்டையும் 1992-இன் ‘ரோஜா’ பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இடைவெளி 16 ஆண்டுதான், ஒலியே வேறு. ஆனால் 2004-இல் வந்த ‘கில்லி’ 2024-இல் மறுபடி திரைக்கு வந்தபோது, முதல் தடவை அது ஓடிய காலத்தில் பிறக்கவே பிறக்காத பசங்களும் எழுந்து ஆடினார்கள்.

காரணம், இடம். கேசட் கடை அலமாரியில் புதுசு வைக்கப் பழசை எடுத்தாக வேண்டும். ஈரோடு ஜவுளிச் சந்தையில் பழைய சரக்கைத் தள்ளிவிட்டால்தானே புதுச் சரக்கை விரிக்க முடியும், அந்த மாதிரி. கைபேசியில் இந்த நெருக்கடி இல்லை. எல்லாக் காலத்துச் சரக்கும் ஒரே விரிப்பில் கிடக்கிறது. போதாததற்கு, போன தடவை எதைப் பார்த்தோமோ அதையே கைபேசி திரும்ப நீட்டுகிறது.

அப்புறம், எல்லோரும் ஒரே வானொலியைக் கேட்ட காலத்தில் மாற்றம் ஊருக்கே ஒன்றாகத் தெரிந்தது. இப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒருவர் காதில் கானா, பக்கத்து மிஷின்காரர் காதில் பீகார்ப் பக்கத்து போஜ்புரிப் பாட்டு.

பழசு திரும்பினாலே தேக்கம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள், அது சரியில்லை: கொங்கில் இப்போது களைகட்டும் வள்ளி கும்மி பழைய கலைதான், ஆனால் ஒரே நிறச் சேலையில் மைதானம் நிறைய ஆடுவதும் அதை ட்ரோனில் படம்பிடித்துப் போடுவதும் இந்தக் காலத்து வேலை.