பஞ்சமும் மழையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் பூண்டு பயிரிடுகிறேன். ரயிலும் லாரியும் வருவதற்கு முந்தைய காலத்துப் பஞ்சங்களுக்கு மழை பொய்த்ததே காரணம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் ஒரே வறட்சியில் ஓர் ஊர் அழிய, இன்னோர் ஊர் பிழைத்தது எப்படி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். அது பஞ்சமாக முற்றுவதற்கு வேறு சிலவும் சேரவேண்டும். 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவில் நிலவிய பெரும்பஞ்சம் மழை ஓயாமல் பெய்ததால் தொடங்கியது. அங்கே அன்று ஒரு படி விதைத்தால் மூன்று அல்லது நான்கு படிதான் கண்டது. அதிலும் ஒரு படியை அடுத்த விதைப்புக்கு ஒதுக்கவேண்டும். எனவே இரண்டு போகம் தொடர்ந்து கெட்டால் விதைத் தானியமும் உலைக்குப் போய்விடும். பிறகு பருவம் சரியாக அமைந்தாலும் விதைக்க ஒன்றும் இராது.

உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி போக்குவரத்தில் இருக்கிறது. தானியத்தை இழுக்கும் மாட்டுக்கு வழிநெடுகத் தீவனமும் தண்ணீரும் வேண்டும். வறட்சியில் அவை இரண்டும் வற்றி, மக்களுக்கு முன்பே மாடுகள் சாகும். அதாவது, வெளியூர்த் தானியம் மிக அவசியமாகும் மாதங்களில்தான் வண்டிகள் நின்றுபோகும். கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் இருந்த ஊர்களுக்குப் படகு வந்தது, உள்நாட்டு ஊர்களுக்கு எதுவும் வரவில்லை. சாலை இல்லாததால் அண்மைக்காலம் வரை குதிரை முதுகில் அரிசி ஏறிய வெள்ளகவி கிராமம் உங்களுக்கு அருகிலேயே இருப்பதால் இதை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊர்களைக் காத்தது பல்வகை உணவு. நீலகிரியில் படகர்கள் கேழ்வரகையும் சாமையையும் பயிரிட்டார்கள்; உங்கள் மலையின் பளியர்களுக்குக் காட்டு வள்ளிக்கிழங்கு இருந்தது.

ஓர் ஊருக்குள்ளும் எல்லோரும் ஒன்றுபோல் சாகவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விளைச்சல் கெட்டதும் கூலி வேலை நிற்கும், நெசவாளியிடம் துணி வாங்க ஆள் இராது, அதே வேளையில் தானிய விலை ஏறும். களஞ்சியத்தில் நெல் இருந்தபோதும் அதை வாங்க வழியற்றவர்களே முதலில் செத்தார்கள்.

1876–78இன் தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ரயில் ஓடியது. இருந்தும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். வணிகர்கள் பதுக்கினார்கள், ஏற்றுமதியை அரசு தடுக்கவில்லை, நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். இதை இயற்கையின் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்கமுடியாது. பஞ்சம் பிழைக்க இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர். ஊரிலேயே தங்கியவர்களில் பலரை, மழை திரும்பிய பிறகு, மலேரியா கொண்டுபோயிற்று.