சுற்றுச்சூழலைக் கெடுக்காமல், யாரையும் சுரண்டாமல் ஒரு திருமணத்தை நடத்துவது எப்படி?

அடுத்த ஆண்டு திருமணம், ஏறத்தாழ 200 பேர் வருவார்கள், பூமிக்குப் பாரமாகவும் இருக்கக்கூடாது, யார் வயிற்றிலும் அடிக்கக்கூடாது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'முதலில் விதைக் காகிதத்தில் (விதைகளைக் கலந்து செய்த, நட்டால் முளைக்கும் காகிதம்) அழைப்பிதழ் அச்சிடலாம் என்றிருக்கிறோம்' என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம்.

மூன்று வாரம் அழைப்பிதழிலேயே போனது. என்ன காகிதம், என்ன மை, உறை வேண்டுமா வேண்டாமா என்று ஒரே பேச்சு. ஒரு நாள் இரவு, இப்போது என் கணவராக இருப்பவர் ஒரு தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். ஓர் அழைப்பிதழ் 50 கிராம் என்றால் 200-க்கு 10 கிலோ காகிதம். காகிதம் தயாரிக்கும்போது அதன் எடை அளவுக்கே கரியமில வாயு வெளியாகிறது என்று தோராயமாக வைத்துக்கொண்டோம். ஆக, சுமார் 10 கிலோ. அடுத்து கார்கள். 50 கார், போக வர 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 200 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். மொத்தம் 460 கிலோ. அப்புறம் வேறு கண்டத்திலிருந்து விமானத்தில் வந்து திரும்பும் ஓர் உறவினர். அவர் ஒருவர் பங்கே 1,000 கிலோவைத் தாண்டிவிடும்.

நான் மூன்று வாரமாகப் போராடியது அந்த 10 கிலோவுக்கு.

அதனால் என் பதில் இதுதான்: எத்தனை பேர், எங்கிருந்து, எத்தனை முறை வருகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அழகான இடம் என்று ஊருக்கு வெளியே தொலைவில் பிடிக்காமல், பெரும்பாலானவர்கள் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பேருந்தோ ரயிலோ வந்து நிற்கும் தூரத்தில் மண்டபம் பாருங்கள். நிலையத்திலிருந்து இரண்டு வேன் விட்டால் பாதி கார்கள் வீட்டிலேயே நின்றுவிடும். மூன்று நாள் மூன்று இடத்தில் நடத்த நினைப்பதை ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் முடிக்க முடியுமா என்று பாருங்கள்.

அழைப்புப் பட்டியலைக் குறைப்பது சொல்வதற்குத்தான் சுலபம். அப்பா தன்னுடன் வேலை பார்த்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டே போனார். 'கடைசியாக இவரிடம் எப்போது பேசினீர்கள்?' என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டேன். இரண்டு நாள் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே 40 பெயரை அடித்துக் கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவிடம் 'வீடியோவில் பாருங்கள், போதும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தார். ஆனால் ஒரு வாரம் என்று போட்டிருந்ததை ஒன்றரை மாதமாக நீட்டி, அந்த ஆண்டு வர வேண்டிய இன்னொரு பயணத்தையும் இதிலேயே முடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கணக்கால் தீர்க்க முடியாதுதானே.

அடுத்த பெரிய விஷயம் சாப்பாடு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் இது 19 சதவீதம். குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளிவிடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. மெனுவைப் பொறுத்தவரை, மாடு, ஆடு இரண்டும்தான் மற்ற உணவுகளைவிட மிக அதிகமாகச் சூழலைப் பாதிப்பவை. இறைச்சியே கூடாது என்று வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. இந்த இரண்டைத் தவிர்த்தாலே பெரிய வித்தியாசம் வரும்.

வீணாவதைத் தடுக்க நாங்கள் செய்தது ஒன்றுதான்: போன். திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முறை, மூன்று நாள் முன்பு இன்னொரு முறை. 'வருகிறீர்களா?' என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'எந்த வேளை சாப்பிடுவீர்கள், எத்தனை பேர்?' என்று கேட்க வேண்டும். 200 என்று நினைத்தது இரவு விருந்துக்கு 130 ஆனது. சமையல் ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. 'குறைந்துவிட்டால் கெட்ட பெயர் எனக்குத்தான்' என்றார். நியாயமான பயம். சட்டென்று செய்யக்கூடிய ஓர் உணவுக்கு மட்டும் பொருட்களைச் சமைக்காமல் கையிருப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். கடைசியில் அதைத் தொடவே இல்லை. மறுநாள் அப்படியே வீட்டுக்கு வந்தது.

மிஞ்சியதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இரவு 10 மணிக்கு நினைத்தால் நடக்காது. சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிரில் என்றால் 5 டிகிரிக்குக் கீழ். பெற்றுக்கொள்பவர்களிடம் முன்பே பேசி, பரிமாறும் இடத்துக்குப் போகாத உணவைச் சமையலறையிலிருந்தே நேராக எடுத்துவைக்க வேண்டும். நான்கு மணி நேரம் மேசையில் திறந்து கிடந்ததைக் கொடுப்பது தர்மம் ஆகாது.

தட்டு, டம்ளர் எல்லாம் கழுவிப் பயன்படுத்தும் வாடகைப் பாத்திரமாக இருக்கட்டும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று விற்கப்படும் பி.எல்.ஏ. கோப்பைகள், 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் பெரிய உரத் தொழிற்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். கொல்லைப்புறக் குழியில் போட்டால் அப்படியே கிடக்கும்.

மோதிரத்துக்கு வருவோம். உலகில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப் பெரிய மூலம், நிலக்கரியைக்கூட முந்திக்கொண்டு, சிறு அளவிலான தங்கச் சுரங்கங்கள்தான். தாதுப்பொடியில் பாதரசத்தைக் கலந்தால் அது தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகி, அங்கே நிற்பவரின் மூச்சுக்குள் போகும். இது உட்பட, பாதரசத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. வைரத்துக்கு 2003 முதல் கிம்பர்லி சான்றிதழ் முறை இருக்கிறது. ஆனால் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் வைரங்களை மட்டுமே அது தடுக்கப் பார்க்கிறது. சுரங்கத் தொழிலாளியின் கூலியைப் பற்றியோ, அங்கே குழந்தைகள் வேலை பார்க்கிறார்களா என்பதைப் பற்றியோ அந்தச் சான்றிதழ் எதுவும் சொல்லாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மின்சாரம் நிறையத் தின்னும்; அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாங்கள் பாட்டியின் உடைந்த வளையலை உருக்கி இரண்டு மோதிரம் செய்துகொண்டோம். தங்கத்தை எத்தனை முறை உருக்கினாலும் தங்கம்தான்.

பூ அலங்காரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: பூத்தண்டுகளைச் செருகும் அந்தப் பச்சை நுரைக்கட்டியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அது பீனால் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். விரலால் அழுத்தினாலே தூளாகும், மக்காது, கழுவும் தண்ணீரோடு போய்விடும். மடக்கிய கம்பி வலையே அந்த வேலையைச் செய்யும். பலூன் பறக்கவிடும் யோசனையை யாராவது கொண்டு வந்தால் முளையிலேயே கிள்ளிவிடுங்கள். மேலே போவது எங்கோ கீழே விழத்தான் போகிறது. உடைக்கு நான் சொல்ல அதிகமில்லை. நான் அக்காவின் உடையைக் கடன் வாங்கி, இடுப்பில் பிரித்துத் தைத்துக்கொண்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இனி நாங்கள் சறுக்கிய இடம். விருந்து முடிந்து இரவு 11:30-க்கு, மறந்து வைத்த பையை எடுக்க மண்டபத்தின் பின்பக்கம் போனேன். இரண்டு பெண்கள் மலை மாதிரி குவிந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். காலை 6 மணிக்கு வந்தவர்கள். இரவு சாப்பாடு இன்னும் சாப்பிடவில்லை. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு வேண்டாம் என்று நாங்கள் பெருமையாக எடுத்த முடிவின் முழுச் சுமையும் அவர்கள் கையில்தான் விழுந்திருந்தது. ஒப்பந்தக்காரரிடம் கேட்டதற்கு, 'அதெல்லாம் கூலியிலேயே அடக்கம்' என்றார். அவர்களைச் சாப்பிட வைத்து, எங்கள் வண்டியிலேயே வீட்டில் விட்டு, கையில் பணமும் கொடுத்தோம். ஆனால் ஏற்பாடு செய்த ஆறு மாதத்தில் இதைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஒப்பந்தக்காரரிடமும் கேளுங்கள். எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள்? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? இரவு எப்படி வீடு திரும்புவார்கள்? நேரம் நீண்டால் கூடுதல் கூலி யார் தருவது? சிறுவர்கள் யாராவது இருக்கிறார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் 'இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?' என்று சொன்னால் வேறு ஆள் பாருங்கள்.

இரண்டு ஆண்டு கழித்துத் தங்கை திருமணத்துக்கு இப்படித்தான் செய்தோம். பாத்திரம் கழுவ ஆறு பேர், இரண்டு ஷிப்ட், போக வர வேன். செலவு கூடத்தான் செய்தது; அலங்காரத்தில் பாதியை வெட்டி அதைச் சரிக்கட்டினோம்.

விதைக் காகிதத்துக்குத் திரும்ப வருகிறேன். ஆசையாக இருந்தால் அச்சிடுங்கள், உள்ளே என்ன விதை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; உங்கள் பகுதிக்கு அந்நியமான செடி என்றால் களையாகப் பரவக்கூடும். எங்களுக்கு அந்தக் கவலை வரவில்லை. மாதிரிக்கு வாங்கிய மூன்றையும் தொட்டியில் நட்டோம், ஒன்றுகூட முளைக்கவில்லை.