ட்ரொம்சோவில் ஜனவரி: குளிரைவிட வழுக்கலைக் கவனியுங்கள்

வணக்கம். ஜனவரி முதல் வாரம் நார்வேயின் ட்ரொம்சோவுக்குப் போகிறீர்கள், மைனஸ் 30 குளிரை அம்மா தாங்குவாரா, நீங்களும் தம்பியும் தனியாக ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டுகிற அகலமான மட்டை) மாட்டி மலையேறலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மைனஸ் 30 பயமே வேண்டாம். வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் ஊருக்குள் ஜனவரி சராசரி மைனஸ் 4 அளவில்தான் இருக்கும். உண்மையான தொல்லை வழுக்கல். ஒரு நாள் மழை பெய்யும், மறுநாள் உறையும். நடைபாதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் பொடிப்பனி விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. அங்கே கடையில் 'ப்ரொடர்' என்று கேளுங்கள்: காலணிக்கு அடியில் மாட்டுகிற, சின்ன ஆணிகள் வைத்த ரப்பர் பட்டை. இறங்கியதும் அம்மாவுக்கு முதலில் அதை வாங்குங்கள். கடைக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும், வழவழப்பான தரையில் அதுவே வழுக்கும்.

உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் ஈரமாகிக் குளிர ஆரம்பிக்கும். மெல்லிய கம்பளி உள்ளாடை, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட்.

மலைக்கு மட்டும் தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள். சாய்வு 30 டிகிரியைத் தாண்டினாலே பனி பெயர்ந்து சரியலாம். கீழே சமதளத்தில் நடப்பவரையும் மூடிவிடும். அந்த வாரம் சூரியன் உதிக்காது, நண்பகல் மங்கல் வெளிச்சத்தில் மேலே உள்ள சரிவை உங்களால் கணிக்க முடியாது. வழிகாட்டியோடு போங்கள். 'வார்சம்' (varsom.no) இணையதளத்தில் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். அளவு 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணாதீர்கள், அதுவே கணிசமான ஆபத்து.

அம்மாவோடு கேபிள் காரில் 421 மீட்டர் உயர ஸ்டோர்ஸ்டைனன் மலைமேட்டுக்குப் போகலாம். அப்புறம், மருத்துவ அவசர எண் 113.